தினமும் இட்லி சுடுகிற வீடு

பணக்காரர் யார் என்பதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை. 1980களில் சேலம் மாவட்டத்தின் ஒரு மேட்டாங்காட்டு ஊர். பட்டாவும் பத்திரமும் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. கண்ணில் பட்டதை வைத்துக் கணக்குப் போட்டோம்: வீட்டுக்கு மேலே டி.வி. ஆன்டெனா, வீட்டோடு சேர்ந்த கக்கூஸ், வாசலில் புல்லட் வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இட்லி சுடுகிற வீடுதான் பணக்கார வீடு. மற்றவர்களுக்குக் களியும் கூழும். இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மாப்பிள்ளை வந்தால் மறுநாள் காலைக்கும்.

இந்த அளவுகோல் பிள்ளைகள் கற்பனையில் முளைத்ததல்ல. வானம் பார்த்த பூமியில் விளைந்தவை கேழ்வரகும் கம்பும் சோளமும். நெல்லுக்கு ஏரித் தண்ணீரோ கிணற்றுப் பாசனமோ வேண்டும். அது யாரிடம் இருந்ததோ அவர்களிடமே நெல்லுச்சோறும் இருந்தது. நிலமும் சாதியும் சேர்ந்து சோற்றின் நிறத்தைத் தீர்மானித்தன. 1967 தேர்தலில் படியரிசி வாக்குறுதி அவ்வளவு பெரிதாக ஒலித்ததற்கு இந்த ஏக்கமும் ஒரு காரணம்.

ஆனால் அரிசி வந்தால் மட்டும் இட்லி வந்துவிடாது. அரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊற வேண்டும், ஆட்டுக்கல்லில் அரைபட வேண்டும், இரவெல்லாம் புளிக்க வேண்டும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட, தோள் கழன்றுபோகும் வேலை. எங்கள் ஊரில் தலித் பெண்கள் அந்த வீடுகளின் மாட்டுக் கொட்டகையைக் கூட்டி அள்ளலாம், ஆட்டுக்கல்லைத் தொடக்கூடாது. ஆகவே அந்த மாவை ஆட்டியது பெரும்பாலும் வீட்டு மருமகள்தான். நாங்கள் செல்வம் என்று அண்ணாந்து பார்த்தது, கூலியில்லாத ஒரு பெண்ணின் தினசரி உழைப்பை.

இரண்டாவது அடையாளம் ஒன்றும் உண்டு: பொம்பளைகள் காட்டு வேலைக்குப் போகாத வீடு. குடும்பத்துக்கு வசதி வந்து, மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றத் தொடங்கும்போது பெண்கள் வெளிவேலையிலிருந்து விலக்கப்படுவதைச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் எழுதியிருக்கிறார். களை எடுக்கப் போன பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலிதான். ஆனாலும் அது அவள் கையில் விழுந்தது. வீட்டோடு இருந்தவள் பிறந்த வீட்டுக்குப் போக பஸ் காசுக்கும் கை நீட்ட வேண்டும். குடும்பம் ஏற ஏற, அதற்குள் இருந்த பெண்ணின் கை காலியானது.

பிறகு கிரைண்டர் வந்தது. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் அந்த இயந்திரம், கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளுக்குள் நுழைந்து, சீர்வரிசைப் பட்டியலிலும் ஏறிக்கொண்டது. பெண்ணின் தோள்வலியைக் குறைக்கும் பொருளுக்கும் பெண்ணைப் பெற்றவர்களே விலை கொடுத்தார்கள். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது 'இலவசம்' என்று கேலி செய்தவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தவர்கள்? என் கணக்கில் அது பெண்களின் நேரத்துக்கு அரசு கொடுத்த மரியாதை. அரிசியை ஊறப்போடுவதும் கல்லைக் கழுவுவதும் மட்டும் இன்னும் அவள் வேலையாகவே நிற்கிறது.

எங்கள் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத கேள்வி, சொத்து யார் பெயரில் என்பது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் வர 1989 ஆனது; அதற்கு முன்பே திருமணமானவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நாடு முழுவதற்குமான 2005 திருத்தம்தான் அந்த விலக்கை நீக்கியது.

என் அம்மா பிறந்ததும் தினமும் இட்லி சுடுகிற வீடுதான். பத்து வயதிலிருந்து அங்கே மாவாட்டியவர். 2007இல், தாத்தா உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்தார்கள். அம்மாவும் சித்தியும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கொரு பட்டுப்புடவை கிடைத்தது. "பொறந்த வூட்டு வாசப்படி வேணுமில்ல கண்ணு" என்றார் அம்மா. சட்டம் கொடுத்ததை உறவின் பயம் வாங்கிக்கொண்டது.

ஒரு குடும்பம் வசதியானதா என்று கேட்பவர்கள், அந்த வசதியில் அங்குள்ள பெண்ணின் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பத்திரங்களை வெளியே எடுக்கும்போது, அதில் எத்தனை பெண் பெயர்கள் இருக்கின்றன, எத்தனை இடத்தில் பெண்கள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.