வெண்ணெயும் தாஷியும்: டோக்கியோவின் உயர்தர உணவகங்களில் பிரெஞ்சுச் சமையல் வேர்விட்ட வரலாறு

இரு நாட்டு உணவுகளை ஒரே தட்டில் சேர்ப்பதை 'இணைவுச் சமையல்' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. டோக்கியோவின் உயர்தர பிரெஞ்சு உணவகங்களையும் இந்தப் பெயருக்குள் அடக்குகிறார்கள். இது பொருந்தாத பெயர் என்பது என் முடிவு. அங்கே இன்று பரிமாறப்படுவது, ஏறத்தாழ 150 ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு தொழிற்கல்வியின் விளைச்சல். ஒவ்வொரு காலத்திலும் சமையற்காரர் யாருடைய ஒப்புதலுக்காகச் சமைத்தார் என்று பார்த்துக்கொண்டே வந்தால், இந்த வரலாற்றின் போக்கு பிடிபடும்.

முதலில் ஒப்புதல் தர வேண்டியிருந்தவர்கள் அந்நியத் தூதர்கள். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைப் பேரரசர் தென்மு 675-இல் தடைசெய்தார். அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் மாட்டிறைச்சி ஜப்பானியரின் பொது உணவுக்கு வெளியே இருந்தது. 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி நாடறிய வெளியானது. அதே ஆண்டு டோக்கியோவின் ட்சுகிஜியில் செய்யோக்கென் என்ற மேலைநாட்டு உணவு விடுதி திறக்கப்பட்டது. திறந்த நாளன்றே கின்சா பெருந்தீயில் எரிந்துபோயிற்று. உடனே மறுபடியும் கட்டினார்கள். 1876-இல் உவேனோ பூங்காவில் கிளையும் வைத்தார்கள். அந்த அவசரத்துக்குக் காரணம் பசி இல்லை, அரசியல். மேலை வல்லரசுகளோடு செய்துகொண்ட சமமற்ற ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டுமானால், அவர்களைப் போலவே விருந்தளிக்கத் தெரிந்த நாடு என்று காட்டியாக வேண்டும் என அரசு நினைத்தது. 1883-இல் எழுந்த ரொக்குமெய்கான் மாளிகையின் விருந்துகளும் பிரெஞ்சு முறையிலேயே நடந்தன.

இந்தக் காலத்தின் உச்சம் அக்கியாமா தொகுஸோ. இளம் வயதில் ஐரோப்பா சென்று, பாரிஸின் ரிட்ஸ் விடுதி வரை பயின்று, 1913-இல் திரும்பியவர். பிறகு அரண்மனைச் சமையலறையின் தலைவரானார். 1915-இல் பேரரசர் தைஷோவின் முடிசூட்டு விருந்துக்கு நன்னீர்ச் சிங்கி இறால் சூப் வைத்தார்கள். பிரெஞ்சுச் சூப்புக்குரிய அந்த இறாலை ஹொக்கைடோவிலிருந்து பிடித்துவரச் செய்தார்கள். பொருள் ஜப்பானியப் பொருள்தான். ஆனால் பிரெஞ்சு இறாலின் இடத்தை நிரப்பும் மாற்றாகவே அது விருந்துக்கு வந்தது.

வீதியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1895-இல் கின்சாவில் தொடங்கிய ரெங்காதெய் உணவகம், வெண்ணெயில் வாட்டும் பிரெஞ்சு கட்லெட்டைத் தெம்புரா போல எண்ணெயில் முழுக்கிப் பொரித்து, பச்சை முட்டைக்கோஸ் துருவலோடு கொடுத்தது. இந்த 'யோஷோகு' வகையில்தான் கறிச் சோறும் சேர்ந்தது. நம் பக்கத்து உணவு பிரிட்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு, மேலைநாட்டு உணவு என்ற பெயரோடு ஜப்பானுக்குள் நுழைந்தது! யோஷோகு சாதாரண மக்களின் உணவு. உயர்தர உணவகங்கள் பல தலைமுறைகள் அதிலிருந்து விலகியே நின்றன. அந்த விலகலால் அவை இழந்தது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளைத் துணிவாக மாற்றிப் பார்க்கும் கை வீதியில்தான் இருந்தது.

போருக்குப் பின் பெரிய விடுதிகளே பிரெஞ்சுச் சமையலின் பள்ளிகளாக இருந்தன. இம்பீரியல் விடுதியின் முராக்காமி நொபுவோ, 1964 ஒலிம்பிக் வீரர் குடியிருப்பின் சமையலறைப் பொறுப்பில் முன்னின்றார். 1966-இல் கின்சாவின் சோனி கட்டடத்தில் பாரிஸின் மாக்ஸிம் உணவகம் கிளை திறந்தபோது, அங்கு சமைக்க வந்தவர் பியேர் ட்ருவாக்ரோ. ஒசாகாவில் 1960-இல் ட்சுஜி ஷிஸுவோ என்ற முன்னாள் செய்தியாளர் தொடங்கிய சமையற்கலைப் பள்ளி, போல் பொக்யூஸ் போன்ற பிரெஞ்சுச் சமையற்காரர்களை ஜப்பானுக்கு அழைத்துவந்தது.

1973-இல் கோ, மியோ என்ற இரு பிரெஞ்சு விமர்சகர்கள் 'புதிய சமையல்' என்று பெயரிட்டு முழங்கிய இயக்கத்தில் இந்தப் பயணங்களின் தடம் உண்டு. கனத்த குழம்புகள் குறைந்தன. வேகும் நேரம் சுருங்கியது. பெரிய தட்டில் சிறிய அளவு உணவு, சமையலறையிலேயே அழகுபடுத்தப்பட்டு வந்தது. இவையெல்லாம் ஜப்பானிய கைசெகி விருந்திலிருந்து வந்தவை என்று எழுதுவோர் உண்டு. அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. பிரான்ஸுக்குள்ளேயே அதற்கான காரணங்கள் இருந்தன. ஆனால் ஜப்பானைக் கண்டு திரும்பியவர்கள் தங்கள் உள்ளுணர்வுக்கு ஓர் உறுதியைப் பெற்றார்கள் என்பதை மறுக்க இயலாது.

திருப்பம் மிக்குனி கியோமியிடம் வருகிறது. 1954-இல் ஹொக்கைடோவின் மஷிகே என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். இம்பீரியல் விடுதியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவரைத்தான் முராக்காமி, 20 வயதில், ஜெனிவாவிலிருந்த ஜப்பானியத் தூதரின் இல்லத்துக்குத் தலைமைச் சமையற்காரராகப் பரிந்துரைத்தார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் வரிசையில் நிற்க, சட்டி கழுவுபவரைத் தேர்ந்தெடுத்த அந்தக் கண் இந்த வரலாற்றில் தனியே எழுதப்பட வேண்டியது. பிறகு மிக்குனி ஜிரார்தே, ட்ருவாக்ரோ, அலன் ஷபெல் ஆகியோரின் சமையலறைகளில் வேலை செய்தார். தம் உணவை ஷபெல் 'மெருகு இல்லாதது' என்று ஒதுக்கியது தம்மை உலுக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுக்காரரைவிடப் பிரெஞ்சாகச் சமைக்க முயல்வதில் பயனில்லை என்று கண்டு நாடு திரும்பி, 1985-இல் யொட்சுயாவில் ஹொத்தெல் த மிக்குனியைத் திறந்தார். மிசோவும் சோயாவும் பிரெஞ்சு முறையின் உள்ளே புகுந்தன. அக்கியாமா ஜப்பானியப் பொருளை மாற்றாக எடுத்தார். மிக்குனி அதே பொருளைத் தம் ஊர்ப் பெயரோடு மேசைக்குக் கொண்டுவந்தார். 2022 இறுதியில் அந்த உணவகம் மூடப்பட்டது.

இந்த மாற்றத்தின் உட்கருவைப் புரிந்துகொள்ள அடிச்சாற்றைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுச் சமையலின் அடித்தளம் எலும்பை வறுத்து, காய்களோடு பல மணி நேரம் சுண்டவைத்த சாறு. ஜப்பானியரின் தாஷி சில நிமிட வேலை: கொம்பு என்ற கடற்பாசியும் சூரை மீனின் உலர்ந்த சீவலும் போதும். நம் கடற்கரையில் மாசி என்கிறோமே, அதற்கு உறவுப் பொருள்தான் அது. எளிமையாகத் தெரிகிறதே தவிர, கடலோரத்தில் பாசியை உலர்த்துவதும் மீனைப் புகையூட்டிப் பதப்படுத்துவதும் முன்பே பல மாத உழைப்பை வாங்கிவிடுகின்றன. பிரெஞ்சு அடுப்படி நேரத்தைச் சட்டிக்குள் செலவழிக்கிறது. ஜப்பானிய அடுப்படி அதைப் பொருளுக்குள் சேமித்துவைக்கிறது. கொம்பிலுள்ள குளூட்டமேட்டே அந்த ருசிக்குக் காரணம் என்று இக்கெதா கிக்குனாயே 1908-இல் கண்டறிந்து 'உமாமி' எனப் பெயரிட்டார். எலும்புச் சாற்றின் இடத்தில் தாஷியை வைத்தால் வெண்ணெயும் கிரீமும் தாமாகக் குறைகின்றன; கனத்தைத் தாங்கும் வேலை அவற்றுக்கு இனி இல்லை. மேசையில் தெரியும் மிசோவைவிட, கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றமே ஆழமானது.

எதிர்த்திசையிலும் கடன் வாங்கல் நடந்தது. 2003-இல் பிரெஞ்சுச் சமையற்காரர் ஜோயல் ரொபுஷோன் ரொப்போங்கியில் திறந்த 'அத்தெலியே'யில், சுஷி கடையைப் போலவே விருந்தினர்கள் சமையலறையை நோக்கி நீள்மேசையில் அமர்ந்தார்கள். 2007 நவம்பரில் பிரான்ஸின் மிஷெலின் தன் முதல் டோக்கியோ வழிகாட்டியை வெளியிட்டபோது 150 உணவகங்களுக்கு 191 நட்சத்திரங்கள் கிடைத்தன. மூன்று நட்சத்திரம் பெற்ற எட்டில் மூன்று பிரெஞ்சு உணவகங்கள். அவற்றுள் கான்டெஸான்ஸை நடத்திய கிஷிதா ஷூஸோ பாரிஸின் லஸ்த்ரான்ஸில் பயின்றவர். ஒப்புதல் தரும் இடத்தில் இன்னும் பிரான்ஸ்தான் இருந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் அந்த ஒப்புதலையும் கடந்து நிலத்தைப் பார்த்தார்கள். மினாமி-அவொயாமாவில் 2003 முதல் சமைக்கும் நரிசாவா யொஷிஹிரோ, பொக்யூஸ், ரொபுஷோன் சமையலறைகளில் தேறியவர். மலைக்கும் வயலுக்கும் இடைப்பட்ட 'சத்தொயாமா' நிலத்தைத் தம் சமையலின் பெயராகவே வைத்தார். மண்ணைக் கொதிக்கவைத்துச் சூப் கொடுத்தார். ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியல் 2013-இல் முதன்முறை வந்தபோது முதலிடம் அவருக்கு. ஃப்ளோரிலேஜ் என்ற பிரெஞ்சு உணவகம் 2023-இல் அஸபுதாய் ஹில்ஸுக்கு மாறியபோது, எல்லோரும் சேர்ந்து அமரும் ஒரே நீண்ட மேசையைப் போட்டு, காய்கறிகளை உணவின் நடுவுக்குக் கொண்டுவந்தது.

நமாயே ஷினொபு 2010-இல் நிஷி-அஸபுவில் திறந்த லெஃபெர்வெஸான்ஸில் ஒரு டர்னிப் கிழங்கு முழுதாக நான்கு மணி நேரம் பக்குவமாகிறது. ஜப்பானியர் 'கபு' என்று சொல்லும், எந்த அங்காடியிலும் கிடைக்கும் எளிய கிழங்கு அது. கத்தி பட்டதும் உள்ளிருந்து சாறு வழிகிறது. கூடவே கொஞ்சம் பார்ஸ்லி, கொஞ்சம் உப்பிட்ட பன்றித் தொடை. 1915-இல் ஹொக்கைடோ இறாலைத் தேடியவர்கள் பிரான்ஸில் உள்ள ஒன்றுக்கு ஈடு தேடினார்கள். இந்தக் கிழங்கு எதற்கும் ஈடாக அந்தத் தட்டில் வைக்கப்படவில்லை.