வினோரெல்பின்

வினோரெல்பின்: நித்தியகல்யாணிச் செடியின் ஆல்கலாய்டுகளிலிருந்து பகுதித் தொகுப்பு முறையில் ஆக்கப்படும் புற்றுநோய் மருந்து. சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு இவ்வகையே.

மூலச்செடி அரளிக் குடும்பத்தது, மடகாஸ்கர் தீவுக்குரியது. தமிழகத்தில் சுடுகாட்டு மல்லி என்றும் இலங்கையில் பட்டிப்பூ என்றும் அழைப்பர். லின்னேயஸ் 1759இல் வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். ஜார்ஜ் டான் 1837இல் அதைக் கதராந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். லாக்னெரா என்ற பெயரும் சில காலம் வழங்கியது. கதராந்தஸ் ரோசியஸ் என்பதே சரியான பெயர். மருந்து நூல்கள் இன்னும் ‘வின்கா ஆல்கலாய்டு’ என்றே எழுதுவது பழக்கதோஷம்.

ஜமைக்காவில் இதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்துவந்தனர். 1952இல் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அங்கிருந்து ஓர் உறையில் 25 இலைகள் வந்தன. அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. 1958இல் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அதற்குக் காரணமான வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அதே காலத்தில் இச்செடியை ஆராய்ந்தது. எனினும் கண்டுபிடிப்பின் பெருமை கனடாவுக்கே. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். பிரான்சில் பியேர் போத்தியேயின் குழு, இலையில் தாராளமாகக் கிடைக்கும் கதராந்தினையும் விண்டோலினையும் இணைத்து வினோரெல்பினை உருவாக்கியது. பிரான்ஸ் 1989இலும் அமெரிக்கா 1994இலும் அனுமதித்தன.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு முனைக்கும் இழுப்பவை நுண்குழல்களாலான கதிர்கோல் இழைகள். நுண்குழலைக் கட்டும் செங்கல், டியூபுலின் புரதம். வினோரெல்பின் அதைப் பற்றிக்கொள்வதால் நுண்குழல் வளர்வதில்லை. பிரிவு நடுவழியில் நின்றுவிடுகிறது. தடை நீள நீள, செல்லைக் காக்கும் எம்சிஎல்-1 புரதம் சிதைந்து குறைகிறது. இதனால் கட்டவிழும் பாக்ஸ், பாக் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைத் துளைக்கின்றன. கசியும் சைட்டோகுரோம்-சி புரதம், காஸ்பேஸ்-9 நொதியையும் அதன்வழி காஸ்பேஸ்-3 நொதியையும் தூண்ட, அவை செல்லை உள்ளிருந்தே நறுக்கிவிடும். இதுவே செல் தற்கொலை. இறக்காமல் தடையிலிருந்து நழுவும் செல்களும் உண்டு. எலும்பு மச்சையின் செல்களும் விரைந்து பிரிபவை என்பதால் வெள்ளணுக் குறைவே இம்மருந்தின் தலையாய பக்கவிளைவு. நோபிளின் எலிகள் காட்டியதும் அதைத்தான்.

அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டினுடன் சேர்த்துத் தரப்படுகிறது; நோயெதிர்ப்புச் சிகிச்சை வந்தபின் பயன்பாடு சுருங்கியுள்ளது. சிரை வழியே ஏற்றப்படும் இதனைத் தண்டுவட நீரில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். வீட்டு முற்றத்துச் செடியின் இலையைக் காய்ச்சிக் குடிப்பது இதற்கு மாற்றாகாது, அது நஞ்சு.