தீவனம் தின்றது எந்தக் கட்சி மாடு?

ஜாம்ஷெட்பூர் கிளைக்கு மாற்றலாகி வந்த புதிதில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒரு சண்டை நடக்கும். மாட்டுத் தீவன ஊழலுக்கு யார் காரணம்? ஒருவர் லாலு என்பார். எதிரில் இருப்பவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு முன்னாடியே காங்கிரஸ் காலத்துல ஆரம்பிச்சாச்சு ஜி" என்பார். நம்ம ஊர்ச் சண்டை மாதிரியே இருக்கிறதே என்று நானும் தயிர்சாதத்தோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாய்பாசா இங்கிருந்து 60, 70 கிலோமீட்டர்தான். 1996 ஜனவரியில் அங்கே மாவட்டத் துணை ஆணையராக இருந்த அமித் காரே கால்நடைத் துறை அலுவலகத்தில் சோதனை போட்டபோதுதான் குட்டு உடைந்தது. வராத தீவனத்துக்கும் வாங்காத மருந்துக்கும் பில். மாடு ஏற்றிவந்த 'லாரி'யின் நம்பரைப் பார்த்தால் அது ஸ்கூட்டர்! பல கருவூலங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 950 கோடி ரூபாய் போனதாகச் சொல்வார்கள்.

வங்கிக்காரனுக்கு இதில் உறுத்துவது வேறு. அரசுப் பணம் ஒரே கையெழுத்தில் வெளியே வராது. துறை அதிகாரி பில் போடவேண்டும். நிதி ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு ஒப்பிட்டுக் கருவூல அதிகாரி பாஸ் செய்யவேண்டும் (அந்தக் கடிதங்களிலேயே போலி இருந்தது). பிறகு வங்கி பணம் கொடுக்கும். கவுண்ட்டரில் இருப்பவன் கையெழுத்தைத்தான் பார்ப்பான். மாடு இருக்கிறதா என்று போய்ப் பார்க்கமாட்டான். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், தெரியும். அப்புறம் மாதக் கணக்கு தணிக்கைக்குப் போகவேண்டும். அது தாமதமாக வருகிறது என்று தலைமைத் தணிக்கையாளராக இருந்த சதுர்வேதி 1985-லேயே எச்சரித்தார். அப்போது பீகாரில் காங்கிரஸ் ஆட்சி. லாலு முதல்வரானது 1990 மார்ச்சில்.

அதனால் லாலு உத்தமர் என்று ஆகிவிடாது. ஒதுக்கியதைவிட அதிகமாகப் பணம் எடுக்கப்பட்ட வருஷங்களில் நிதித் துறையும் அவரிடம்தான் இருந்தது. ஆனால் எதிர்க்கட்சி வரிசையையும் பாருங்கள். முன்னாள் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். செலவைச் சரிபார்க்கவேண்டிய சட்டமன்றப் பொதுக்கணக்குக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஜகதீஷ் சர்மா. 2013 செப்டம்பர் 30 அன்று, 37.7 கோடி ரூபாய் சாய்பாசா வழக்கில் தண்டனைக்குரியவர்கள் என்று முடிவான 45 பேரில் இந்த மூவரும் உண்டு. சர்மா அப்போது நிதிஷ் குமார் கட்சியின் எம்.பி. பட்டியலில் மீதிப்பேர் பெரும்பாலும் அதிகாரிகளும் சப்ளையர்களும். அவர்களுக்கு ஏது கட்சி?

பாஜகவின் சுஷில் குமார் மோடி போன்றவர்கள் கோர்ட் படி ஏறியிருக்காவிட்டால் சிபிஐ விசாரணை வந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1997 ஜூலையில் லாலு பதவி விலகி மனைவி ராப்ரி தேவியை முதல்வராக்கினார். அந்த அரசுக்கு நம்பிக்கை வாக்கெடுப்பில் கைகொடுத்தது யார்? அதுவரை எதிரில் உட்கார்ந்திருந்த காங்கிரஸ்!

2017 டிசம்பரில் தேவ்கர் கருவூல வழக்கில் லாலு குற்றவாளி, மிஸ்ரா விடுதலை என்று தீர்ப்பு வந்ததும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு தரப்பு துள்ளிக் குதித்தது. அடுத்த மாதமே இன்னொரு சாய்பாசா வழக்கில் இருவருக்கும் ஐந்து வருஷம். அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் மட்டும் சுற்றி வந்தது.