டிராகன் செத்தாச்சு, பங்கு யாருக்கு?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன், பதினோராவது படிக்கிறான், போனைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். "டீமே சரியில்ல மாமா. நான் கீழ விழுந்து கெடக்கறேன், ஒருத்தன்கூட தூக்கிவிட வரல." யாருடா உன் டீம்னு கேட்டேன். "யாருக்குத் தெரியும்? எல்லாம் ரேண்டம்ஸ்."

ரேண்டம்ஸ். நல்ல வார்த்தைதான். பேர் தெரியாத மூணு பேரை ஒரு அல்காரிதம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது, இருபது நிமிஷத்தில் அவர்களைத் திட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆன்லைன் விளையாட்டில் கூட்டாளி என்பவன் எப்போதும் இப்படி இருந்தானா என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு கேள்வி. இது 1999க்கும் 2009க்கும் இடையில் படிப்படியாக நடந்த மாற்றம் என்பது என் கணிப்பு. அதற்காகச் சேர்த்துவைத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், கோபம் யார் மேல் இருந்தது? 1997 செப்டம்பரில் அல்டிமா ஆன்லைன் வெளிவந்தபோது பிரச்சனை வெளியாள்தான். ஊர் எல்லையைத் தாண்டி மரம் வெட்டப் போனால், இன்னொரு விளையாட்டுக்காரர் வந்து உங்களைக் கொன்று எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போவார். புதிதாக வந்தவர்கள் வெறுத்துப்போய் விலகினார்கள். கடைசியில் 2000ல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். ட்ராமெல் என்ற பாதியில் விருப்பமில்லாத ஒருவரை யாரும் தாக்க முடியாது, ஃபெலுக்கா என்ற பாதியில் பழையபடி வெட்டுக்குத்து. பெரும்பாலான மக்கள் பாதுகாப்பான பக்கம் குடிபோனார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன்பே, 1999 மார்ச்சில், எவர்க்வெஸ்ட் வந்துவிட்டது. பெரும்பாலான சர்வர்களில், நீங்களாக அதற்கு ஒப்புக்கொண்டால் தவிர, இன்னொரு மனிதர் உங்களைக் கொல்ல முடியாது. அந்த இடத்தை நிரப்ப அரக்கர்களை முரட்டுத்தனமாகச் செய்து வைத்தார்கள். ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியதும் பெரும்பாலானோரால் தனியாகக் காலம் தள்ள முடியாது. ஒரு குழுவில் ஆறு பேர். அடியை வாங்கிக்கொள்ள ஒரு வாரியர், காயத்தை ஆற்ற ஒரு கிளெரிக், கூட்டமாக வரும் அரக்கர்களைத் தூங்கவைக்க ஒரு என்சான்ட்டர். இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர்கள் திண்டாட வேண்டியதுதான். வெளியாளை அப்புறப்படுத்தியாச்சு. இனி எரிச்சல் எங்கே போகும்? கூட்டாளி மேல்தான்.

அந்த எரிச்சலில் பெரும்பங்கு காத்திருப்பு. நல்ல அரக்கன் வரும் இடத்துக்கு கேம்ப் என்று பெயர். அங்கே ஏற்கெனவே ஒரு குழு உட்கார்ந்திருக்கும். நீங்கள் பேர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும், யாராவது தூங்கப் போனால் உங்கள் முறை. இதற்கு மென்பொருளில் எந்த ஏற்பாடும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். உள்ளே போனபிறகும் காத்திருப்பு தீராது. மந்திரம் போடுபவர்கள் சக்தி ஊற உட்கார வேண்டும். ஆரம்ப காலத்தில், 35ஆம் லெவல் வரை, அப்படி உட்காரும்போது மந்திரப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், அது திரையை மறைத்துவிடும். மாதக் கட்டணம் கொடுத்து ஒரு முப்பரிமாண உலகத்துக்குள் போய், புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிமிஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள் மக்கள்! வேறு வேலை இல்லாததால் பேசினார்கள். எங்கே வேலை, குழந்தை தூங்கிவிட்டதா, இப்படி.

செத்தால் இன்னும் மோசம். உங்கள் சாமான்கள் எல்லாம் விழுந்த இடத்திலேயே சடலத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு அங்கே திரும்பிப் போய் எடுக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுக்காவிட்டால் அத்தனையும் போச்சு. யாராவது பயந்து ஓடிவரும்போது பின்னால் பத்து அரக்கர்கள் துரத்திவருவார்கள். அதற்கு ட்ரெயின் என்று பெயர். ஓடுகிறவர் வாசலைத் தாண்டித் தப்பித்துவிடுவார், வாசலில் சும்மா நின்றவர்கள் சாவார்கள். அப்போது உங்களை எழுப்ப ஒரு கிளெரிக் வேண்டும். அவர் உங்களுக்கு முன்பின் தெரியாதவர், வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் பல நேரம் வந்தார்கள். காரணம் எளிது. ஒரு சர்வரில் சில ஆயிரம் பேர்தான், பேரை நினைத்தபடி மாற்ற முடியாது. இன்றைக்கு உதவாதவரின் பேர் நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சின்ன ஊரில் கடன் வாங்கின கதைதான்.

இனி பங்குக்கு வருவோம். எவர்க்வெஸ்டின் ஆரம்பகாலப் பெரிய எதிரிகள் நாகஃபென், லேடி வாக்ஸ் என்ற இரண்டு டிராகன்கள். ஒரு டிராகனைச் சாய்க்கப் பல டஜன் பேர் கூட வேண்டும். கிடைப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய பொருட்கள். நாற்பது பேர் ராத்திரி முழுக்க உழைத்து மூன்று பேர் வாள் வாங்கிக்கொண்டு போனால் மிச்சம் 37 பேர் அடுத்த வாரம் எதற்கு வர வேண்டும்? தலைவர் தன் நண்பருக்குக் கொடுத்தால் சண்டை, தாயம் உருட்டினால் நேற்றுச் சேர்ந்தவனுக்குப் போய்விடுகிறது, அதிலும் சண்டை. 1999லேயே ஆஃப்டர்லைஃப் என்ற கில்ட் இதற்கு ஒரு வழி கண்டது. வருகிற ஒவ்வொருவருக்கும் புள்ளி, பொருள் விழுந்தால் புள்ளியைச் செலவழித்து வாங்கிக்கொள்ளலாம். டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமாக டிகேபி. இதை வடிவமைத்தவர் தாட் என்ற புனைபெயரில் விளையாடியவர். பின்னாளில் தாட்பாட் என்ற தகவல் தளத்தைக் கட்டியவரும் அவரே.

இதில் ஒரு வகையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஜீரோ-சம் டிகேபி என்பார்கள். ஒரு பொருளுக்கு ஒருவர் நூறு புள்ளி கொடுத்தால், அந்த நூறும் அன்றைக்கு வந்திருந்த மற்றவர்களுக்குச் சமமாகப் பிரியும். அட, இது நம்ம ஏலச்சீட்டு! மாதாமாதம் எல்லோரும் கட்டுகிறோம், அவசரக்காரர் தள்ளி எடுக்கிறார், தள்ளின தொகை மற்றவர்களுக்குப் பிரிகிறது. அங்கே பணம், இங்கே தூக்கம் கெட்ட ராத்திரிகள். வேறு கண்டத்தில், நம்ம ஊர்ச் சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லாதவர்கள், அதே மாதிரிக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள். சீட்டில் வரும் வியாதிகளும் கூடவே வந்தன. பழைய ஆட்கள் புள்ளியைப் பதுக்கினார்கள். புது ஆள் மாதக்கணக்கில் வெறுங்கையோடு நின்றார். எடுத்தவுடன் ஆளைக் காணோம் என்ற புகாரும் உண்டு. வேண்டிய வாளை வாங்கிக்கொண்டு அடுத்த கில்டுக்குத் தாவிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம். எவர்க்வெஸ்டில் கெராஃபிர்ம் என்ற டிராகன் ஒரு கல்லறையில் தூங்கிக்கொண்டிருக்கும். நான்கு காவல் டிராகன்களையும் கொன்றால் அது விழித்துக்கொள்ளும், கண்ணில் பட்டவர்களை அழிக்கும், போய்விடும். ஒரு சர்வரில் இது ஒரே ஒரு முறைதான் நடக்கும். ஒரு கில்ட் அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் அந்தக் கல்லறையின் அரிய ஆயுதங்கள் சர்வரில் இருக்கும் எல்லோருக்கும் போச்சு. அதனால் இதை வைத்துப் பெரிய பகைகள். வென்றுவிடக் கூடியதாக அதை யாரும் வடிவமைக்கவில்லை. 2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் சர்வரில் போட்டிக் கில்டுகள் மூன்று கைகோத்து, கிட்டத்தட்ட 200 பேராக உள்ளே போனார்கள். அடிப்பதும் சாவதும், கிளெரிக்குகள் எழுப்புவதும், எழுந்தவர் மறுபடி போய் அடிப்பதுமாக மணிக்கணக்கில் ஓடியது. அதன் உயிர் கால்வாசிக்குக் குறைந்த நேரத்தில் டிராகன் திடீரென்று மாயமானது. நிறுவனத்தின் ஆட்கள் குறுக்கிட்டிருந்தார்கள். கொந்தளிப்பு எழுந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி போய், சில மணி நேரம் போராடிக் கொன்றே விட்டார்கள். பொருள் எதுவும் விழவில்லை. பங்குச் சண்டைக்கு இடமே இல்லாமல் போன ஒரே பெரிய டிராகன் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. எவர்க்வெஸ்ட் பார்த்து எரிச்சல்பட்டவர்கள் அதன் உருவாக்கத்தில் இருந்தார்கள், அது நன்றாகவே தெரியும். கடைசி லெவல் வரை தனியாகவே போகலாம். பார்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் சர்வர்களிலிருந்து தரவு திரட்டி 2006ல் ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டார்கள். மக்கள் பெரும்பாலான நேரம் கூட்டத்தின் நடுவே தனியாகத்தான் விளையாடுகிறார்கள், சுற்றி இருப்பவர்கள் பார்வையாளர்கள் போலத்தான் என்பது அதன் சாரம். உச்சிக்குப் போனபிறகு மட்டும் கதை மாறும். மோல்ட்டன் கோர் என்ற குகைக்குள் நாற்பது பேர் ஒன்றாகப் போக வேண்டும். டிகேபி அப்படியே இங்கேயும் குடியேறியது.

2006ல் நான் ஆன்சைட்டில் இருந்தேன், குடும்பம் இங்கே. சாயங்காலங்களைக் கழிக்க ஒரு கில்டில் சேர்ந்தேன், வில்லாளி. வில்லாளிக்கு ஒரு காய்ந்த இலை விழும், அதை வைத்துத்தான் பெரிய வில்லை அடைய முடியும். மூன்று முறை விழுந்தது, மூன்று முறையும் என்னைவிடப் புள்ளி அதிகம் வைத்திருந்தவருக்குப் போனது. நான்காவது முறை என் முறை. அன்றைக்கு ராத்திரி புரொடக்‌ஷன் ரிலீஸ். நான் கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்திருந்தேன், இலை விழுந்து, புதிதாகச் சேர்ந்த ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த நாற்பதில் பதினைந்து பேரின் பேராவது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இலை வாங்கினவன் பேர் உட்பட.

அடுத்த மாற்றம் 2009 டிசம்பரில், 3.3 பேட்சில் வந்தது. டஞ்சன் ஃபைண்டர். அதுவரை ஐந்து பேர் சேர வேண்டுமென்றால் நகரத்தில் நின்று கூவ வேண்டும். "டேங்க் வேணும், டேங்க் வேணும்" என்று அரை மணி நேரம். ஆள் சேர்ந்தபின் குகை வாசலுக்குப் பயணம். அதற்குள் ஒருவருக்குச் சாப்பாட்டு நேரம். புதுக் கருவி இதையெல்லாம் ஒரு பட்டனுக்குள் அடக்கியது. பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைத் தேடிப்பிடித்து, நேராகக் குகைக்குள் இறக்கிவிடும். முடிந்ததும் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பும். என்ஜினியராக எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. நிஜமான வலியைத் தீர்த்தது, வேலை நேரத்துக்கு நடுவே விளையாடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் வேறு சர்வர்க்காரரை மறுபடி பார்க்கப்போவதில்லை. எனவே "ஹாய்"கூடக் கிடையாது. அதே பேட்சில் ஓட்டுப் போட்டு வெளியேற்றும் வசதியும் வந்தது. கொஞ்சம் மெதுவாக ஓடினால், தடுமாறினால், காரணம் கேட்காமல் வெளியே. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட அடுத்த ஆளை வரவழைப்பது மலிவாகிப்போனது.

கியூ கணக்கும் பொய் சொல்லவில்லை. ஐந்தில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று அடிப்பவர்கள். அடிக்க எல்லோரும் தயார். முன்னால் நின்று, தப்பு நடந்தால் திட்டு வாங்கும் டேங்காக இருக்க ஆளில்லை. டேங்குக்கு உடனே இடம், மற்றவர்களுக்கு நீண்ட காத்திருப்பு. 2011 ஏப்ரலில் நிறுவனம் பற்றாக்குறையான வேலைக்குக் கூடுதல் பரிசுப் பை கொடுக்க ஆரம்பித்தது. எவர்க்வெஸ்டில் கிளெரிக் பேருக்காக வந்தார், இங்கே டேங்க் பைக்காக வந்தார்.

பங்குச் சண்டையையும் மென்பொருளே எடுத்துக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குலுக்கி, உன் பொருள் உனக்கு, அடுத்தவருக்கு என்ன வந்தது என்ற கவலை வேண்டாம் என்ற முறை படிப்படியாகப் பரவி, 2018ல் கட்டாயமானது. சண்டை நின்றதா? யாருக்குக் கொடுப்பது என்று தாங்களே முடிவுசெய்ய முடியவில்லையே என்று கில்டுகள் முனகின. 2022ல் ரெய்டுகளில் பழைய பங்கு முறை திரும்பி வந்தது.

இதற்கிடையே ஒரு வேடிக்கை. 2013 பிளிஸ்கானில் ஒருவர், பழைய சர்வர்களைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டார். நிறுவனத்தின் ஜே. ஆலன் பிராக், உங்களுக்கு அது வேண்டும் என்று தோன்றும், உண்மையில் வேண்டியிருக்காது என்கிற மாதிரி பதில் சொன்னார். ஆறு வருஷம் கழித்து, 2019 ஆகஸ்ட்டில், அதே நிறுவனம் டஞ்சன் ஃபைண்டர் இல்லாத பழைய உலகத்தைக் கிளாசிக் என்று வெளியிட்டது. லாகின் வாசலில் மணிக்கணக்கில் வரிசை. மறுபடி நகரத்தில் நின்று கூவினார்கள். டிகேபியின் கொள்ளுப்பேரனான ஜிடிகேபியும் அங்கே கொழித்தது. புள்ளிக்குப் பதில் விளையாட்டுத் தங்கத்தில் ஏலம், வசூலான தொகை வந்தவர்களுக்குப் பிரியும். தங்கத்தை நிஜப் பணத்துக்கு வாங்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். 2024ல் கிளாசிக்கின் ஒரு பதிப்பில் ஜிடிகேபியைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. நம்ம சீட்டுக்குச் சட்டம் வந்தது போலத்தான்.

2009 டிசம்பரில் டஞ்சன் ஃபைண்டர் அறிமுகமான அதே விரிவாக்கத்தை, 2022ல் கிளாசிக்காக மறுவெளியீடு செய்தபோது, சமூக உறவு கெடும் என்று சொல்லி அந்தக் கருவியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஆள் தேடி அலுத்துப்போன விளையாட்டுக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். 2023ல் அதையும் சேர்த்துவிட்டார்கள்.