லயத்துக் கானும் கோப்பி விரியனும்

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் பலர். அங்கிருந்து லிந்துலைக்கு வரும் உறவுகள் புடையன் கதை சொல்வார்கள். "இந்தக் குளிரில் பாம்பு ஏது?" என்றும் கேட்பார்கள். இருக்கிறது, இனம்தான் வேறு.

எங்கள் லயத்துக்குப் பின்னால் கரட், லீக்ஸ் போடும் துண்டு நிலத்தை முள்ளால் கிளறினால், ஒரு முழம்கூட வராத கபில நிறப் பாம்பு வெளியே வரும். விஞ்ஞானப் பெயர் ஆஸ்பிடுரா. இலங்கையில் மட்டுமே வாழ்வது, மண்புழு தின்பது, மனிதருக்கு ஆபத்தில்லாதது. நான் பார்த்தவரை அதிகம் அடிபட்டுச் சாவதும் இந்தப் பாவம்தான்.

பயப்பட வேண்டியது கோப்பி விரியனுக்கு. அதுவும் சின்னதுதான். முக்கோணத் தலை, மேலே தூக்கிய மூக்கு நுனி, காய்ந்த இலையின் நிறம். கான் ஓரச் சருகிலும் அடுக்கிய விறகுக்குள்ளும் அசையாமல் சுருண்டு கிடக்கும். மிதித்தாலோ கை பட்டாலோ கடிக்கும். மாலையிலும் இரவிலும் நடமாட்டம் கூடுதல். இலங்கையின் விஷப்பாம்புக் கடிகளில் அதிகமானவை இதனுடையவை.

இங்கே ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் உரியது. கோப்பி விரியன் கடிக்கு அது உதவாது. கொடுத்தால் ஒவ்வாமைதான் வரலாம். அதனால் கடித்தது எது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். பாம்பைப் போத்தலில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

மருந்தே இல்லையென்றால் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும்தான். சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும், இறந்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் குறைகிறதா என்று கவனிப்பார்கள். தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்புக்கு அனுப்புவார்கள்.

கயிறு இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது. வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள். மழை நாளில் மேல் டிவிசனுக்கு வண்டி ஏறாது. அப்போது ஆளை நடக்க விடாமல் வீதிவரை தூக்கித்தான் வர வேண்டும்.

விறகை இஸ்தோப்பில் தரையோடு அடுக்காமல் பலகை போட்டு உயர்த்தலாம், கானில் சருகு சேராமல் வழிக்கலாம். கழிப்பறை லயத்துக்கு வெளியே இருப்பதால் இரவில் டோர்ச் இல்லாமல் இறங்கக்கூடாது. கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு இன்னும் ரப்பர் செருப்புத்தான். கணுக்காலை மூடும் சப்பாத்தைத் தோட்ட நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும்.