128 கன அடி விறகு

அமெரிக்காவில் விறகை நிறுத்து வாங்குவதில்லை, அடுக்கி அளக்கிறார்கள். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் இருந்தால் ஒரு ‘கார்டு’, அதாவது 128 கன அடி. கட்டைகளுக்கு நடுவே உள்ள காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு!

குடியேற்றக் கால நியூ இங்கிலாந்தில் திறந்த கணப்புள்ள வீடு ஆண்டுக்கு 30 கார்டுக்கு மேலும் விழுங்கும். வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கியோடு போய்விடும். வாசலிலேயே கிடைத்த விறகு சில ஊர்களுக்கு ஏறக்குறைய நூறு மைல் தொலைவிலிருந்து வருவதாக 1744இல் எழுதிய பெஞ்சமின் பிராங்க்ளின், கையோடு தன் இரும்புக் கணப்புக்கும் விளம்பரம் செய்துகொண்டார்.

1980களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், விறகு எரித்து வீட்டைச் சூடாக்கும் வெளிப்புறக் கொதிகலன் விற்பனைக்கு வந்தது. சின்னக் கொட்டகைபோல் முற்றத்தில் நிற்கும். வெந்நீர் மண்ணுக்கடியில் குழாய்வழி வீட்டுக்குள் போகும். பச்சை விறகையும் திணிக்கலாம் என்ற சௌகரியம்தான் கணக்கைக் கெடுத்தது. ஈரத்தை விரட்டவே வெப்பம் செலவாகும், புகையும் மண்டும்.

2015இல் அமெரிக்க மத்திய அரசு இந்தப் புகைக்கு வரம்பு விதித்தது, புதிய கொதிகலன்களுக்கு மட்டும்.