தாது வருஷக் கால்வாயும் மரணப் பதிவேடும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர் சாலைக்கு மேற்கே உப்பங்கழியோடு இணைந்து கிடக்கும் ஒரு நீர்வழியைக் காணலாம். பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் இதன் வழியே சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இக்கால்வாய்ப் பணி பல கட்டங்களாக வளர்ந்தது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78ஆம் ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கும் இடப்பட்டது. அரசு நிர்வாக அறிக்கைகளைப் படிப்போருக்கு இது பசித்தவர்க்குச் சோறிட்ட ஓர் அரசின் நினைவுச் சின்னமாகவே தோன்றும். அந்த அறிக்கைகளை எழுதிய அதே அரசின் உயர் அலுவலர் ஒருவர் இதனை எவ்வாறு பார்த்தார் என்பதையே நாம் முதலில் கவனிக்க வேண்டும்.

மக்கள் நாவில் தாது வருஷப் பஞ்சம் என இன்றும் வழங்கும் 1876-78 பெரும்பஞ்சம் பாதித்த மாவட்டங்களுள் செங்கல்பட்டும் ஒன்று. வைஸ்ராய் லிட்டன் பிரபு செலவைக் கட்டுப்படுத்துவதற்காக சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1873-74இல் வங்காள, பிகார் பகுதிகளில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து உயிர்களைக் காத்தவர். அதற்காக 'ஊதாரி' என்று இங்கிலாந்தில் ஏச்சு வாங்கியவரும் அவரே. அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குச் சென்னையில் கிடைத்தது. நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877 ஜனவரியில் அவர் விதித்தார். மண் வெட்டிச் சுமப்பவனுக்கு இந்த அளவு!

இதனை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். சிறைக்கைதிகளுக்கு அரசே வழங்கிய உணவின் அளவை எடுத்துக்காட்டி, இக்கூலி உழைப்பவனை மெல்லக் கொல்லும் என அவர் வாதிட்டார். பல மாதங்கள் நீண்ட வாதத்திற்குப் பின்னரே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தவர் எத்தனை பேர்?

இந்த வினாவில்தான் நமது பொருளின் மையம் இருக்கிறது. மரணங்களைப் பதிந்தவர்கள் கிராம அலுவலர்கள். ஊரைவிட்டு அலைந்து சாலையோரத்தில் விழுந்தவர்கள் எந்த ஊர் ஏட்டிலும் ஏறவில்லை. ஏறியவர்களின் மரணமும் காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை என்றே பெரும்பாலும் குறிக்கப்பட்டது. இவை பொய்யான காரணங்கள் எனச் சொல்ல இயலாது. மெலிந்த உடலைக் கடைசியில் வீழ்த்தியது காலராவாகவே இருந்திருக்கலாம். எனினும் அவ்வுடலை மெலியச் செய்தது எது என்பதை எழுத அந்த ஏட்டில் இடமில்லை. 1871ஆம் ஆண்டு சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ் ஆவார். ஆதலால் பதிவேடு சொல்லும் எண்ணை நம்பி அமையாமல், முன்பு இருந்தவர் எத்தனை பேர், இப்போது எஞ்சியவர் எத்தனை பேர் என்று கேட்கும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. 1871இல் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த மாகாண மக்கள்தொகை, பத்தாண்டுகள் வளர்ந்திருக்க வேண்டிய 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது. இந்த இடைவெளியை எந்த நிர்வாக அறிக்கையாலும் மூடிவிட முடியவில்லை.

அலுவலகத்தின் உள்ளிருந்தே எழும் இத்தகைய ஐயம் இஸ்லாமிய வரலாற்றியலுக்குப் புதியதன்று. மூஸா நபியின் படையினர் ஆறு லட்சத்துக்கும் மேல் என்ற மஸ்ஊதியின் செய்தியை, அத்தனை பேர் நிற்கவும் அணிவகுக்கவும் இடமேது என்று கேட்டு மறுத்தவர் இப்னு கல்தூன். அவரிடம் பயின்ற அல்மக்ரீஸி, கெய்ரோவின் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியை வகித்தவர். ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) அவர் பஞ்சங்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். நைல் பெருகாமையே பஞ்சத்திற்குக் காரணம் என்ற எளிய விளக்கத்தோடு அவர் நிற்கவில்லை. பதவிகள் விலைக்கு விற்கப்பட்டமை, நிலக்குத்தகை உயர்ந்தமை, செப்புக்காசு பெருகியமை ஆகிய மூன்றையும் அவர் சுட்டினார். சந்தையின் விலைகளை நாள்தோறும் பார்த்தவரின் கண் அது.

செங்கல்பட்டிலும் அப்படியொரு கண் இருந்தது. 1843ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறை இல்லை. எனவே அரசு ஆவணங்களிலும் அது இல்லை. ஆனால் இம்மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை வேறொன்றைக் காட்டியது. கடனுக்காகப் படியாளாகக் கட்டுண்டோர், குடியிருக்கும் மனையும் மிராசுதாரின் உரிமை என்பதால் வாய் திறக்க முடியாதோர், தரிசு நிலத்திற்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரின் முன்னுரிமையால் தடுக்கப்பட்டோர் எனப் பறையர் மக்களின் நிலையை அவர் விவரித்தார். இம்மாவட்டத்தில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி ஆகிய பாதிரிமாரும் இதையே எழுதிவந்தனர். வருவாய் வாரியம் இவற்றை மிகை என்று கருதியது. இருந்தும் 30 செப்டம்பர் 1892இல் 1010, 1010ஏ எண்ணுள்ள அரசாணைகள் பிறந்தன. அவற்றின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலம் கைமாறிக்கொண்டே போனது. செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகவும், அங்கு நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதை எதிர்த்தும் திரண்டவர்கள் மீது 10 அக்டோபர் 1994 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இருவர் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்ச்சிகள் சட்டம் ஒழுங்கு என்ற தலைப்பின் கீழ்ப் பதிவாகின்றன. நூறாண்டு நிலவரலாறோ வருவாய்த்துறையின் வேறொரு அலமாரியில் உறங்குகிறது. இரண்டு ஏடுகளையும் ஒருசேரப் புரட்டுபவர் மட்டுமே அந்தத் துப்பாக்கிச் சூட்டின் காரணத்தை அறிய முடியும்.

அரசு சொல்வதெல்லாம் பொய் என்று துணிவோருக்கும் இம்மாவட்டம் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 1968இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் மக்களிடையே பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்திய இந்த ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று கண்டது. உலகெங்கும் அரசுகள் அதைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தமக்கே சங்கடமான அம்முடிவை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டனர். பதினைந்து ஆண்டுத் தொடர் ஆய்வின் முடிவும் 1999இல் வெளிவந்தது. குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய் போன்ற கடும் வகைகளுக்கு எதிராகப் பயன்படும் என்பதால் பச்சிளங்குழந்தைகளுக்கு அவ்வூசி இன்றும் போடப்படுகிறது. வதந்தியையே வரலாறாகக் கொள்வோர் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்வதில்லை.

2021 மே 4ஆம் நாள் இரவு முதல் மறுநாள் விடியற்காலைக்குள் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பதின்மூன்று நோயாளிகள் இறந்ததாகச் செய்தி வந்தது. ஆக்ஸிஜன் குறைந்தது என்றனர் உறவினர்கள். தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். அவ்வாண்டு ஜூலையில், ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டால் இறந்ததாக மாநிலங்கள் எவையும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில் கூறியது. சொல்லளவில் இது பொய்யாக இராது. தாது வருஷ ஏட்டில் பட்டினிக்கு இடமில்லாதது போல, இந்த ஏட்டிலும் அதற்கென ஒரு கட்டம் இல்லை.

2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள் சுமார் 47 லட்சம் என மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. அதன் கணக்கில் அக்காலக் கொரோனா மரணங்கள் 5 லட்சத்துக்கும் குறைவு. பின்னர் 2025 மே மாதம் இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கையே வெளிவந்தது. 2020இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான மரணங்கள் 2021இல் 1 கோடியே 2 லட்சமாக உயர்ந்திருந்தன. கூடிய 21 லட்சமும் கொரோனாவால் நேர்ந்தவை என்று நாம் சொல்லத் துணியவில்லை. பதிவு முறையின் மேம்பாடும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆயினும் கார்னிஷ் கேட்ட பழைய வினாவை, இருந்தவர் எத்தனை பேர், எஞ்சியவர் எத்தனை பேர் என்பதை, இம்முறை எழுப்பியிருப்பது அரசின் சொந்தப் பதிவேடே. செங்கல்பட்டின் அந்தப் பதின்மூன்று பேரும் அந்த 1 கோடியே 2 லட்சத்துக்குள் எங்கோ இருக்கிறார்கள்.